லெவல் எடுப்பது பக்கத்து வீட்டு வாசற்படியிலிருந்து

நான் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். மதுரைக்காரி, புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். "மேடம், இப்பல்லாம் டிரோனைப் பறக்கவிட்டே மனையோட மேடு பள்ளத்தை எடுத்துடுறோம். உங்க பழைய டிராயிங்ல எல்லாம் பக்கத்து வீட்டு வாசற்படியைத்தான் பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. ஏன் மேடம், ரோட்டை வச்சுக்கலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அடுப்பில் பால் இருந்தது, அதனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் அது ஒரு வரியில் முடிகிற சமாசாரமாக இல்லை.

என் பெயர் சிவகாமி. அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து சணல் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஈர நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அஸ்திவாரமும் மழைநீர் வடிகாலும் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். "பொண்ணு எத்தனை நாளைக்குச் சேத்துல நிக்கும், கல்யாணம் ஆனா நின்னுடும்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கல்யாணமும் ஆயிற்று, பிள்ளைகளும் பிறந்தார்கள், அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் எனக்கு முன்னாலேயே ரிடையர் ஆகிப் போனார்கள். நான் போட்ட வடிகால் எதுவும் இதுவரை என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகம் இருப்பவர்கள் ஆடி மாதத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் மண்ணைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். மண்வெட்டியை இரண்டு தடவை போட்டால் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். ஊரே தட்டையாக இருப்பதால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. சாக்கடை இருக்கிறதே என்பீர்கள். கனமழை பெய்கிற நேரத்தில் ஆற்றில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் மதகை மூடிவிடுவார்கள், சாக்கடையில் போன தண்ணீர் வந்த வழியே திரும்பி உங்கள் குளியலறைக்கு வரும். இதற்கு மேல் ரோடு வேறு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, ரோடு ஏறிக்கொண்டே போகும், இருக்கிற வீடுகள் இறங்கிக்கொண்டே போகும். இப்படி ஏறுகிற ஒன்றை வைத்துக்கொண்டு எவளாவது அளவு எடுப்பாளா?

எனக்கு இதைப் புரிய வைத்தவர் என் மேலதிகாரி ஹால்தார்-தா. இங்கே ஆபீஸில் மூத்தவர்களை அண்ணன் முறை வைத்து 'தா' என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். என்னை 'ஷிபோகாமி' என்பார். திருத்திப் பார்த்து நானே கைவிட்டேன். மனையை அவர் வெயிலில் பார்க்கவே மாட்டார். வீடு கட்டப் போகிறவர் வண்டி வைத்துக் கூப்பிட்டாலும், "மழை வரட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். மழை பிடித்ததும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவார். குடை கொண்டுவருவார், ஆனால் விரிக்க மாட்டார். அது தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்ப்பதற்கு. பக்கத்தில் நிற்கும் நானும் விரிக்க முடியாது, மேலதிகாரி நனையும்போது எப்படி விரிப்பது? என் கல்யாணப் புடவையைத் தவிர மற்ற எல்லாப் புடவையும் அவரோடு நனைந்திருக்கிறது.

சேற்றில் நின்றபடி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தண்ணீர் எங்கே போகும்? சாக்கடைக்கு என்பேன். அங்கிருந்து? பெரிய கால்வாய்க்கு. மதகு மூடியிருந்தால்? நான் விழிப்பேன். "நீ ஒரு இடம் சொல்லலைன்னா தண்ணி அதுவா ஒரு இடம் பார்த்துக்கும். அது பெரும்பாலும் பக்கத்து வீடு" என்பார். குரலை உயர்த்த மாட்டார், பதில் சொல்லாமல் விடவும் மாட்டார். ஒரு தடவை இந்தக் கேள்வியிலேயே ஒரு மத்தியானச் சாப்பாடு போய்விட்டது.

அளவு எடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் வேலை, பக்கத்திலேயே தாழ்வாக இருக்கிற வீடு எது என்று பார்த்து அதன் கதவைத் தட்ட வேண்டும். அனுமதி கேட்டு, அந்த வீட்டு வாசற்படியின் மேல் விளிம்பில் டியூபின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரித் தெரிகிற சாதாரண பிளாஸ்டிக் டியூப்தான். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு பொய் சொல்லும் என்பதால் விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்ற வேண்டும். பிறகு மறுமுனையை மனையின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய், தண்ணீர் நிற்கிற இடத்தில் குச்சியில் கோடு போட வேண்டும். அந்த வாசற்படிதான் பூஜ்யம். நம் டிராயிங்கில் உள்ள எல்லா எண்ணும் அதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் இருக்கும். அந்த வீட்டுக்குள் தண்ணீர் விடுகிற மாதிரி ஒரு கோடு போட்டால் பேப்பரிலேயே பல்லிளித்துவிடும். கதவைத் தட்டியதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும். டிரோனுக்கு அது தெரியாது.

இனி அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்த வீட்டுக்கு வருகிறேன். நான் ரிடையர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் வந்த வேலை. ஹால்தார்-தா அப்போது இல்லை, பொறுப்பு முழுக்க என்னுடையது.

சந்தானம் ஸார் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். அவரும் ருக்மிணி மாமியும் பெண் காயத்ரியைக் கட்டிக்கொடுத்துவிட்டு லேக் மார்க்கெட்டில் வாடகைக்கு இருந்தார்கள். டாக்குரியா ரயில் பாதைக்குக் கிழக்கே, ஒரு சந்துக்குள் மனை வாங்கியிருந்தார். வருஷம் பூராவும் சொதசொதவென்று இருக்கிற நிலம். அதன் தென்மேற்கு மூலை ஒரு குளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வடகிழக்கில் சுவரை ஒட்டி மாலாவின் வீடு. பழைய ஒற்றை மாடி வீடு, தரை சந்தைவிடத் தாழ்ந்து போயிருந்தது. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ப்ளவுஸ் தைத்துப் பிழைப்பவள், தனி ஆள். துர்கா பூஜைக்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்களின் பட்டும் பருத்தியும் அவள் அறையில்தான் குவிந்து கிடக்கும். அந்த ஒரு சீசன் சம்பாத்தியம்தான் வருஷம் முழுக்க அவளுக்குச் சோறு.

வாசற்படியில் டியூபைப் பிடிக்க அனுமதி கேட்டபோது மாலா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "தாராளமா பிடிச்சுக்குங்க திதி. ஆனா ஒண்ணு சொல்லுங்க. இத்தனை வருஷமா என் வீட்டுப் பக்கத்துத் தண்ணியை எல்லாம் அந்தக் காலி மனைதான் குடிச்சிட்டிருந்தது. அதை அவங்க மேடாக்கிட்டா என் தண்ணியும் அவங்க தண்ணியும் சேர்ந்து எங்க போகும்? ஊரார் துணி திதி, ஒரு தடவை நனைஞ்சா அடுத்த வருஷம் யாரும் என்கிட்டே தரமாட்டாங்க" என்றாள். திதி என்றால் இங்கே அக்கா. நான் அவளிடம், "இந்தப் படியைத் தாண்டித் தண்ணி உள்ள வராது. நான் பொறுப்பு" என்று சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன்.

சந்தானம் ஸாரிடம் பேசப் போனபோது வேறு வில்லங்கம் காத்திருந்தது. "எல்லாம் உன் இஷ்டப்படி பண்ணும்மா, ஒண்ணே ஒண்ணு. தண்ணி ஈசான்ய மூலையிலதான் வெளில போகணும். கன்னி மூலையில போகப்படாது" என்றார். ஈசான்யம் என்றால் வடகிழக்கு, அங்கே மாலா வீடு. கன்னி மூலை என்றால் தென்மேற்கு, அங்கே குளம். பிள்ளையார் கோயில் கட்டினாலும் தண்ணீர் இறங்குகிற பக்கம்தான் இறங்கும், சாஸ்திரம் பார்த்துத் திரும்பாது. ஆனால் வீடு கட்டுகிறவரிடம் அப்படிச் சொன்னால் அவர் வேறு இன்ஜினியரைத் தேடிப் போவார், அவன் அவர் சொன்னபடியே செய்து மாலாவை மூழ்கடிப்பான். அதனால் நான் வாக்குவாதம் செய்யவில்லை, வழி பார்த்தேன்.

மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் ஈசான்ய மூலையில் இறக்கி, அங்கே நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டிப் பிடித்து வைப்பது. ஈசான்யத்தில் நீர் இருப்பது விசேஷம் என்று சாஸ்திரமே சொல்கிறதே, ஸாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொட்டி நிரம்பினால் மிஞ்சுவதை ஒரு குழாய் பூமிக்கடியில் சரிவாகக் கொண்டுபோய்க் குளத்தில் விடும். மாலா வீட்டுச் சுவரை ஒட்டி ஜல்லி நிரப்பிய ஒரு வாய்க்கால். அதன் அடியில் துளை போட்ட குழாய் அவள் பக்கத்துத் தண்ணீரையும் வாங்கி அதே குழாயில் சேர்க்கும். குளத்துக்காரர்களிடம் நானே போய்ப் பேசினேன். குளத்தில் விழுவதற்கு முன்னால் சேறும் குப்பையும் தங்கிவிட, கன்னி மூலையில் ஒரு சேம்பர், அதாவது செங்கல் குழி, கட்டினால் போதும், தண்ணீர் வந்தால் மீனுக்கு நல்லதுதான் என்றார்கள். குழாய் குளத்துக்குப் போவதை ஸாரிடம் டிராயிங்கை விரித்து, விரலை வைத்துக் காட்டினேன். "பூமிக்கு அடியிலதானே, சரி" என்று தலையாட்டினார்.

தொட்டி கட்டியது கோடையில். ஈர நிலத்தில் காலித் தொட்டி படகு மாதிரி மேலே எழும்பிவிடும். அதனால் அடித்தளத்தைக் கனமாகப் போட்டு, சுவருக்கு வெளியேயும் கொஞ்சம் நீட்டி, அதன் மேல் மண் ஏறி உட்காரும்படி செய்தோம். மனையை மேடாக்க ஒரு கான்ட்ராக்டர் தண்ணீரை இறங்கவிடாத களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டினான், திருப்பி அள்ள வைத்தேன். மணலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து, அதன் மேல் அடுத்த பரப்பு. குழாய் வேலை முடிந்ததும் பிளம்பர் நிமாய் சேம்பரில் குழாயின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்து, தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்தான். சொட்டுக் கசிவில்லை. மூடியைக் கழற்றச் சொல்லி, கழற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் ஆடி, ஆவணி மழையெல்லாம் குழாய் வழியே ஒழுங்காகக் குளத்துக்குப் போயிற்று.

பூஜைக்கு முந்தைய வாரம் ஒரு நாள் காலையிலிருந்தே பேய்மழை. மத்தியானம் மாலாவிடமிருந்து போன். "திதி, ஜல்லி வாய்க்கால் நிரம்பி நிக்குது. தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு." எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. நான் போட்ட கணக்கில் இந்த மழைக்கு அது நிரம்பவே கூடாது. வழியில் கரியாஹாட்டில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் வரமாட்டேன் என்றது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்தில் ஏறி நடந்தே போனேன்.

வீட்டு வராந்தாவில் சந்தானம் ஸார் குடையோடு நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் நிமாய். ஈசான்ய மூலைத் தொட்டி பொங்கி வழிந்து, மாலா வீட்டுச் சுவரை ஒட்டித் தேங்கிக்கொண்டிருந்தது. நான் நேரே கன்னி மூலைக்குப் போய்ச் சேம்பர் பலகையைத் தூக்கினேன். ஊரே மிதக்கிற மழையில் அந்தச் சேம்பரில் மழைச்சாரல் தவிரத் தண்ணீர் இல்லை. குழாயின் வாயில் அந்தப் பழைய மூடி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"நிமாய், இது யார் வேலை?" என்று வங்காளியில் கத்தினேன். அவன் என்னைப் பார்க்காமல் ஸாரைப் பார்த்தான்.

"அவனைத் திட்டாதே. நான்தான் போடச் சொன்னேன்" என்றார் ஸார்.

கோபம் வந்தால் என் வாயில் அம்பாசமுத்திரம் வந்துவிடும். "ஏன் ஸார், உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? என்ன காரியம் செய்யுதீங்க? அங்க ஒருத்தி வீட்டுக்குள்ள தண்ணி போகப் போகுது!"

அவர் குடையை மடக்கிவிட்டார். மழையிலேயே நின்று பேசினார். "மெட்ராஸ்லேர்ந்து என் மச்சினர் வந்திருந்தார். மேலே போனா என்ன, அடியில போனா என்ன, கன்னி மூலையில தண்ணி வெளில போனா வீட்டுப் பொண்ணுக்கு ஆகாதுன்னுட்டார். காயத்ரிக்கு ரெண்டு தடவை தங்கலை, உனக்குத் தெரியும். இது மூணாவது. இப்போ ஏழாம் மாசம். நான் ராத்திரி தூங்கறதே இல்லை. நீயே சொல்லு சிவகாமி, நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குச் சட்டென்று கோபம் பாதியாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் அவர், நானும்தான். ஆனால் தண்ணீர் காத்திருக்காது. மூடியை நானே இறங்கிக் கழற்றியிருக்க முடியும். கழற்றினால் நான் சந்து முனை திரும்புவதற்குள் அவர் திரும்பப் போடச் சொல்வார், அந்தப் பயம் அப்படிப்பட்டது. அவர் கையாலேயே அது கழன்றால்தான் மாலாவுக்கு இந்த வருஷமும் அடுத்த வருஷமும் பத்திரம். அதனால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அதுவரை நான் அவரைத் தொட்டதே கிடையாது. "வாங்க ஸார், ஒண்ணு காட்டுதேன்" என்று ஈசான்ய மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாலாவின் ஜன்னல் திறந்திருந்தது. வாசற்படியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம். உள்ளே அவள் ஸ்டூலில் ஏறி, துணிக் கட்டுகளை அலமாரி மேல் திணித்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் இடமில்லை, மெஷின் மேல் இடமில்லை, இன்னும் தரையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இறங்குவாள், ஒரு மூட்டையைத் தூக்குவாள், எங்கே வைப்பதென்று அறையைச் சுற்றிப் பார்ப்பாள். எங்களைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"இதுதான் ஸார் நான் பூஜ்யம்னு போட்ட படி. இதை இந்தத் தண்ணி தாண்டாதுன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். உங்க பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு நானும்தான் வேண்டுதேன். அதுக்காக இவ வீட்டை முக்கணுமா?" என்றேன்.

ஸார் விறுவிறுவென்று கன்னி மூலைக்கு நடந்தார். நிமாய் ஓடி வந்தான், "நீ நகரு" என்று தமிழிலேயே சொல்லி அவனைத் தள்ளிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், சேம்பருக்குள் இறங்கினார். மூடி அசையவில்லை. உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறதே. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்தார். பெண்ணின் பெயர் மட்டும் என் காதில் விழுந்தது. மறுபடியும் திருகினார். மூடி கழன்று, தண்ணீர் அவர் மார்பில் அறைந்தது. நிமாயும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை மேலே தூக்கினோம். குழாய் திறந்த வேகத்தில் சேம்பர் நிரம்பி, குளத்துப் பக்கம் ஹோவென்று இரைச்சல் கேட்டது.

நான் மாலாவின் வாசலுக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் படிக்குக் கீழே ஒரு செங்கல்லின் ஈர விளிம்பு தெரிந்தது, பிறகு அந்தச் செங்கல் முழுதும் தெரிந்தது. மழை கொஞ்சமும் குறையவில்லை, தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. என் வடிகால் வேலை செய்தது. செய்யாமல் எங்கே போகும்?

ஸார் பின்னாலேயே வந்துவிட்டார். தலையிலிருந்து கால்வரை சேறும் தண்ணீரும். அவருக்கு வங்காளி அரைகுறைதான். "கோரே ஜொல்?" என்று கேட்டார். வீட்டுக்குள் தண்ணீரா என்று கேட்கிறாராம்.

"இல்லை காக்கு, உள்ளே வரலை" என்றாள் மாலா. மூச்சு வாங்கியது அவளுக்கு. அவர் கோலத்தைப் பார்த்து, எங்கள் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டதைச் சரிசெய்ய அவரே இறங்கியிருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "இந்த வயசுல நீங்க எதுக்கு இறங்கினீங்க? மாஷிமாகிட்ட சொல்லுங்க, கவலைப்பட வேண்டாம்னு. உங்க பொண்ணோட ஷாத் ப்ளவுஸை போன வாரம் கொடுத்துட்டுப் போனாங்கல்ல, தண்ணி ஏறினதும் முதல்ல அதைத்தான் எடுத்து உச்சியில வச்சேன். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு உடுத்துற துணி, நனையக் கூடாதில்லையா" என்று அலமாரியின் உச்சியைக் காட்டினாள். காக்கு என்றால் சித்தப்பா, மாஷிமா என்றது ருக்மிணி மாமியை; நாம் வளைகாப்பு என்பதை அவர்கள் ஷாத் என்பார்கள். மஞ்சள் பட்டு, இன்னும் கை தைக்காமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

ஸாருக்கு அந்த வங்காளி முழுதும் புரிந்ததோ என்னவோ, ஷாத் என்ற சொல்லும் அவள் கை காட்டிய இடமும் புரிந்துவிட்டது. அவர் கையில் அந்த மூடி இன்னும் இருந்தது. மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே அவர் சேம்பர் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. "இந்தக் குழாய் வாய்ல இனிமே யாரும் மூடி மாட்ட முடியாதபடி ஏதாவது பண்ணிக் குடும்மா" என்றார்.

"இனிமே யார் ஸார் மாட்டப் போறாங்க?" என்றேன்.

"நான்தான். காயத்ரிக்குப் பிரசவம் ஆகற வரைக்கும் என்னை நம்பாதே" என்றார்.